ஹெலன் சொன்ன பெயர்

எங்கள் காலனியில் டிப்ளமோ முடித்த முதல் பெண் ஹெலன். கவரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் எங்கள் காலனி. அவள் அப்பா தானியேல் ஒரு குடோனில் மூட்டை ஏற்றுகிறார். அம்மா சாராள் மசாலா பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள், முட்டிவலி வந்து நின்றுவிட்டாள். தம்பி அன்பு ஹெலனைவிட மூன்று வயது இளையவன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். ஆனால் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கேட் சுலபத்தில் திறக்காது. உள்ளூர்க்காரன் என்றால் ஒன்றாகச் சேர்ந்துகொள்வான், சாவு, திருவிழா என்று லீவு போடுவான் என்று முதலாளிகள் மத்தியில் ஒரு பேச்சு. அதையும் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் யாராவது ஒருவர் நம் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஹெலனின் பெயரைச் சொன்னவர் மதிவாணன். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர். டிராக்டருக்கு ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டு கடைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். டிப்ளமோ கடைசி வருடத்தில் ஹெலனின் வகுப்பிலிருந்து பதினோரு பேர் அங்கே இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனார்கள். சர்டிபிகேட் கிடைத்தால் போதும் என்று மற்றவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருக்க, நான்காம் நாள் இவள் தயங்கித் தயங்கி அவர் மேஜைக்குப் போனாள்.

"சார், இந்த மைக்ரோமீட்டரை முழுசா மூடினாலும் கோடு பூஜ்யத்துல நிக்கல சார். தப்பா சொல்றனா தெரியல."

அவர் வாங்கிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அன்று காலையிலிருந்து அந்தக் கருவியால் அளந்த சரக்கு முழுவதையும் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று. பயிற்சி முடிந்து வந்த பிறகு ஹெலன் அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். வேலை கேட்டு இல்லை. 'சார், அந்தச் சரக்கு என்ன ஆச்சு?' என்று மட்டும். பதினேழு ஷாஃப்ட் அளவு தப்பிக் கழிவில் போனதாக அவர் பதில் போட்டார். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பயிற்சிப் பிள்ளையும் தன்னிடம் கேட்டதில்லை என்று பிறகு அவர் சொன்னாராம்.

படிப்பு முடிந்து எட்டு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். அந்த எட்டு மாதத்தில் அவளைக் கம்பெனி கம்பெனியாக பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவன் அன்பு. முப்பது கேட்டுக்குக் குறையாது. ஒவ்வொரு கேட்டிலும் செக்யூரிட்டி ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டுவார்.

"பயோடேட்டாவ அதுல போட்டுட்டுப் போம்மா."

திரும்பும் வழியில் அன்பு அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பான். "அக்கா, அடுத்த தபா அந்தப் பொட்டியையே தூக்கிக்கினு வந்துர்லாம். எத்தினி பேரு பேஜாராகி கீறாங்கன்னு எண்ணிப் பாக்கலாம்." வெயில் அவன் முகத்தில் அடிக்க, அவன் நிழலில் அவள் உட்கார்ந்து வருவாள். ஒரு நாளும் அவன் சலித்துக்கொண்டதில்லை. இதை ஹெலன் என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.

ஒன்பதாம் மாதம் மதிவாணன் போன் செய்தார். "ஒரு இடம் வந்திருக்கும்மா. உன் பேரைச் சொல்லியிருக்கேன். ஆனா உள்ள வந்து பேச வேண்டியது நீதான்." அவள் போய்ப் பேசினாள். வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள். அன்பு தெருவில் எல்லோருக்கும் தானே வேலை வாங்கிக் கொடுத்தவன் மாதிரி மிட்டாய் கொடுத்துக்கொண்டு போனான்.

அன்பு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தான். ஒரு பாடத்தில் தேறவில்லை. ஆனால் கைவேலை அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. காலனியில் மோட்டார் ஓடவில்லை என்றால் கழற்றிப்போட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, அரைநாளில் ஓடவைத்துவிடுவான். கணக்கு, எழுத்து என்றால்தான் அவனுக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பொறுமையின்மைதான் இந்தக் கதையில் இவ்வளவுக்கும் காரணமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஹெலன் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கான்ட்ராக்டர் மூலம் அன்பு அதே கம்பெனிக்கு நாற்பது நாள் தற்காலிக வேலைக்கு வந்தான். மணிக்கு ஒருமுறை ஷாஃப்டை அளந்து தாளில் எழுத வேண்டும். ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு ஹெலன் அவன் பக்கம் போனாள். தாளில் ஆறு மணி வரைக்கும் அளவு எழுதியிருந்தது.

"டேய், மூணுதானடா ஆவுது?"

"எல்லாம் ஒரே மாரிதான்கா வருது. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க."

அவள் அந்தத் தாளைக் கிழித்துத் தன் பைக்குள் திணித்தாள். புதுத் தாள் எடுத்து, பக்கத்தில் நின்று அவனை அளக்கவைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது நாள் முடிந்து அவன் வெளியே வந்தபோது அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதி. அந்த நிம்மதிக்காக வெட்கமும் பட்டாள்.

அதற்கு அடுத்த வருடம் மதிவாணன் அவளைக் கூப்பிட்டார். அளவு பார்க்கும் பிரிவில் ஒரு நிரந்தர இடம்.

"உனக்குத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லு ஹெலன். முகம் மட்டும் தெரிஞ்சவங்க வேணாம். அவங்க வேலையை நீ கண்ணால பாத்திருக்கணும்."

வீட்டில் வந்து இதைச் சொன்னதுதான் அவள் செய்த முதல் பிசகு. சாராள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஊட்லயே ஒருத்தன் கீறானே. தம்பி பேரைச் சொல்லும்மா. கர்த்தர் கதவத் தொறந்துக்கீறாரு."

அன்பு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாக்கலாம்மா," என்றாள் ஹெலன்.

மறுநாள் அவள் மதிவாணனிடம் சொன்ன பெயர் பிரேமா.

பிரேமா பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அவளும் டிப்ளமோ படித்தவள்தான், ஆனால் கிடைத்தது பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பெட்டி ஒட்டும் வேலை. ஒருமுறை ஹெலனின் கம்பெனியில் நாலாயிரம் ஷாஃப்டில் துரு பிடித்திருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வெளியாட்களை அழைத்தார்கள். மூன்று நாள் வேலை. எல்லோரும் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று பிரித்துப் போட, பிரேமா மட்டும் மூன்றாவதாக ஒரு தட்டு வைத்திருந்தாள். அதில் சாக்பீஸால் 'தெரியல' என்று எழுதியிருந்தது. எது எதில் எதனால் சந்தேகம் என்று ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து ஹெலனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதன்பின் காலை ரயிலில் பிரேமா பொன்னேரியில் ஏறியதும் ஹெலனுக்கு இடம் போட்டு வைப்பாள். ஒரு ஸ்டேஷன் தூரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் இருவரும் பேசுவது முக்கால்வாசி வேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

பிரேமாவின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது? 'நீ அளக்காமல் எழுதுகிறவன்' என்று அம்மா எதிரில் சொல்வதா? நாளை சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அதற்குள் அன்பு முடி வெட்டிக்கொண்டான். பள்ளிக்கூட சர்டிபிகேட்டை லேமினேஷன் செய்துகொண்டான். இன்டர்வியூவுக்கு என்று ஒரு கறுப்பு ஷூ வாங்கி வந்தான். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் சார்" என்பான். எதிர்முனையில் லோன் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். வாசலில் பிரேமா. கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு பையில் இறால்.

"வாம்மா," என்று சாராள் வரவேற்றாள். யார் என்று அவளுக்குத் தெரியாது.

பிரேமா சாராளின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "அக்காதாம்மா என் பேரச் சொன்னாங்க. நேத்து ஆர்டர் குடுத்துட்டாங்க. எங்க குப்பத்துல ஒருத்தரும் நம்பல. சொந்தக்காரங்களே செய்யமாட்டாங்க, அக்கா செஞ்சாங்க."

சாராளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். ஹெலன் தரையைப் பார்த்தாள். அன்புதான் எழுந்து வந்து பாக்ஸைத் திறந்து ஒரு ஸ்வீட்டை எடுத்தான்.

"நல்லாப் பண்ணுங்க," என்று பிரேமாவிடம் சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் எழுந்து போகும்வரை சிரித்த முகமாகவே இருந்தான்.

அவள் தெருமுனை திரும்பியதும் கேட்டான். "எப்போ சொன்ன?"

"ரெண்டு வாரம் ஆவுது."

"ரெண்டு வாரமா நான் குளிக்கப் போனாக்கூட போனை எடுத்துக்கினு போறேன்கா."

"அன்பு, அன்னிக்கு அந்தத் தாளு..." என்று ஆரம்பித்தாள். அவன் நிற்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். சாராள் தட்டில் போட்ட சோற்றைத் திரும்பச் சட்டியில் கொட்டினாள்.

அந்த வாரமே அவன் ஒரு லேபர் கான்ட்ராக்டரைப் பிடித்து, கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் சேர்ந்தான். பழுக்கக் காய்ந்த இரும்பை உருளைகளுக்குள் விட்டு நீளக் கம்பியாக இழுக்கும் இடம். நம்மூர்ப் பிள்ளைகள் அந்த வேலைக்கு அவ்வளவாகப் போகமாட்டார்கள். அங்கே ஒரு பரீட்சையும் இல்லை, யாரும் பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆள் இருந்தால் போதும். ஹெலன் இரண்டு தரம் தடுத்துப் பார்த்தாள். "உனுக்கு இன்னா?" என்று ஒரே கேள்வியில் அவளை நிறுத்திவிட்டான்.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, உருளையிலிருந்து வெளியே வந்த சிவந்த கம்பி ஒன்று தடம் மாறிச் சுழன்று அன்புவின் வலது கையைச் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ராபின் என்ற பையன்தான் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தி, குறடால் கம்பியைப் பிரித்து, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தான். அவன் முதுகிலும் தீக்காயம்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை வெட்டி எடுத்தார்கள். வேறு வழியில்லை என்று டாக்டர் தானியேலிடம் கையெழுத்து வாங்கினார். தானியேல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெலனுக்கு வேலை நேரத்தில் தகவல் வந்தது. அவள் நின்ற நிலையைப் பார்த்து பிரேமாவும் கூடவே ரயில் ஏறி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி நடைவழியில் இருவரையும் சேர்த்துப் பார்த்த சாராள், பிரேமாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரேமா அப்போதுதான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். சுவரோரமாக ஒதுங்கி அழுதாள்.

"ஒரு வார்த்த," என்றாள் சாராள் மகளிடம். சத்தம் போடவில்லை. "உன் வாயிலேந்து ஒரே ஒரு வார்த்த வந்திருந்தா எம்புள்ளைக்குக் கை இருந்திருக்கும்."

அதற்குப் பிறகு அவள் ஹெலனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு எடுத்து வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள். பேச்சு மட்டும் கிடையாது.

ஆலையில் போய்க் கேட்டால், அன்பு என்று ஒரு ஆளே பதிவேட்டில் இல்லை என்றார்கள். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. ராபின் மட்டும் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதற்காக அவன் வேலையும் போயிற்று. நஷ்டஈட்டுக்குப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒரு மாதம் கழித்து ஹெலன் மதிவாணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிழித்துப் பைக்குள் வைத்த தாள் உட்பட. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு ஷாஃப்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கைவேலை எப்படிம்மா அவனுக்கு?"

"நல்லா வரும் சார். மோட்டார், பம்பு எதுன்னாலும் பிரிச்சு சரி பண்ணிருவான். எழுதறதுதான் ஆவாது."

அவர் ஷாஃப்டை உருட்டுவதை நிறுத்தினார். "இதையே அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே ஹெலன். எழுத்து ஆவாது, கைவேலை நல்லா வரும்னு. அதே மாசம் மெயின்டனன்ஸ்ல ஒரு ஹெல்பர் கேட்டாங்க. பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச பையன் வேணும்னு ரெண்டு வாரம் தேடினோம்."

ஹெலன் அன்று கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவள் மனதில் அதுவரை இரண்டே வழிகள்தான் இருந்தன. தம்பிக்காகப் பொய் சொல்வது, அல்லது அவன் பெயரையே எடுக்காமல் இருப்பது. அவனைப் பற்றி உள்ளபடி, குறையும் நிறையுமாக, ஒருவரிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு மனிதர் அவளுக்கு இருந்தார். மூன்று வருடமாக எதிர் மேஜையில்தான் இருந்தார்.

பிறகு அவள் அலைந்தாள். ரயிலில் தெரிந்த பெண்கள், பழைய வகுப்புத் தோழர்கள், சரக்கு வாங்க வரும் கம்பெனிகளின் ஆட்கள் என்று அன்புவைப் பற்றிச் சொல்லாத ஆளில்லை. ஒற்றைக் கை, எழுத்து வராது, யந்திரம் தெரியும், நல்லவன். எல்லாவற்றையும் சொன்னாள். எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். சிலர் கண்கலங்கினார்கள். ஒற்றைக் கைக்கு இடம் எங்கும் இல்லை. மதிவாணனும் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்புவோ வீட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். தெருவில் மோட்டார் ரிப்பேர் என்றால் இப்போது யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மனசு நோகும் என்று அவர்கள் நினைத்தார்கள். கூப்பிடாததும் அவனுக்கு நொந்தது.

கடைசியில் அவன் பெயரைச் சொன்னது ராபின். ஆலையை விட்டபின் ராபினுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. உள்ளே வரும் லாரிகளைப் பார்த்துக் கணக்கில் குறிக்க ஆள் வேண்டும் என்றதும், தன் சூப்பர்வைசரிடம் போய், "என்கூட ஆறு வாரம் வேலை செஞ்சான் சார், ஒருநாள் கூட என்னைத் தனியா விட்டுட்டுப் போனதில்ல" என்று சொன்னானாம். அன்பு மீஞ்சூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஹெலனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெலன் மீஞ்சூர் போனாள். அவன் ஸ்டேஷன் எதிரில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் நாஷ்டா வாங்கிக் கொடுத்தான். இடது கையால் ஸ்பூன் பிடித்து இட்லியைப் பிய்த்துச் சாப்பிட்டான். பழகியிருந்தது. எழுதுகிறாயா என்று கேட்டாள்.

"எய்தறேன். லாரி நம்பரு மட்டும்தான். கொஞ்சம் கோணலா வரும்."

அவள் இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் சொன்னாள். மதிவாணன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள். மெயின்டனன்ஸ் வேலை என்று கேட்டதும் அவன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"நீ என் பேர சொல்லாததுக்கு எனக்குக் கோவம் இல்லக்கா. அந்தத் தாளு நான் எழுதனதுதான். அளக்கல. நீ என்னாண்ட வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா, ரெண்டு நாளு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு இருந்துட்டு வேற எங்கியாச்சும் தேடியிருப்பேன். நீ ரெண்டு வாரம் ஒண்ணும் சொல்லாம என்னை நம்ப வெச்ச பாரு. அந்தக் கோவத்துலதான் நான் அந்த மில்லுக்குப் போனேன்."

"தப்புதான்டா."

"தெரியும்," என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எனக்கு டைம் ஆச்சு."

யார்டு வேன் வந்து நின்றது. ஏறும்போது அவனுக்குக் கொஞ்சம் தடுமாறியது. அவள் கை நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து ராபின் அவன் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டான். வேன் துறைமுகச் சாலையில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே போய் மறைந்தது.

ஹெலன் வீட்டுக்கு வந்தபோது சாராள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"சாப்ட்டானா?"

ஆஸ்பத்திரிக்குப் பிறகு, பதினோரு மாதத்தில், அம்மா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"சாப்ட்டான்மா," என்றாள் ஹெலன். "நாலு இட்லி."

சாராள் தலையை ஆட்டினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஹெலன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.